புதுமுக மாணவரும் பல்கலைக்கழக வாயிலும்

பல்கலைக்கழகங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவற்றின் வேந்தரையும் பேராசிரியரையும் மாடமாளிகைகளையும் பற்றியே எழுதுவர். முதல்நாட் காலையிற் பெட்டியுடன் வாயிலில் வந்திறங்கி, எத்திசைச் செல்வதென்று அறியாது நிற்கும் மாணவனைப் பற்றி எழுதுவோர் அருகியே காணப்படுவர். ஆயினும் ஒரு பல்கலைக்கழகத்தின் உள்ளத்தை அறிய விரும்புவோர், அது தன் பட்டதாரிகளை எவ்வாறு வழியனுப்புகிறது என்பதைக் காட்டிலும், தன் புதுமுக மாணவரை எவ்வாறு வரவேற்கிறது என்பதையே முதலில் நோக்குதல் வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் மணியடித்தால் வகுப்பு, ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அழைப்பார், வராதவனைத் தேடுவார். பல்கலைக்கழகத்திலோ விரிவுரைக்கு வராதவனைத் தேடுவார் இல்லை. எதைப் படிப்பது, எப்பொழுது படிப்பது, ஐயம் எழுந்தால் எவரிடம் செல்வது என்பனவற்றை மாணவன் தானே தீர்மானித்தல் வேண்டும். பள்ளியில் முதல்வனாய் விளங்கியவன் அங்கே முதல்வர் பலருள் ஒருவனாகிறான். இம்மாற்றத்தைத் தாங்காது முதலாண்டிலேயே தளர்ந்தோர் எல்லாக் காலத்திலும் எல்லா நாட்டிலும் இருந்திருக்கின்றனர்.

இடைக்கால ஐரோப்பாவில் இம்மாணவனுக்குத் தனிப்பெயர் ஒன்றே வழங்கிற்று. பாரிஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தார் அவனை 'மஞ்சள் அலகன்' என்னும் பொருள்படும் சொல்லால் அழைத்தனர். கூட்டை விட்டுப் பறக்க அறியாத குஞ்சுப் பறவை என்பது அதன் கருத்து. அக்குஞ்சினை வரவேற்கும் பொறுப்பை மூத்த மாணவரே தம் கையில் எடுத்துக்கொண்டனர். வந்தவன் தன் பணத்தில் அவர்களுக்கு விருந்து வைத்தல் வேண்டும். ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களிலோ இவ்வழக்கம் ஒரு சடங்காகவே வளர்ந்தது. புதியவன் தலையிற் கொம்புகளைப் பொருத்தி, அவனை விலங்கென இகழ்ந்து, பின் அக்கொம்புகளை அறுத்தெறிந்து, இனி நீ மனிதன் என்று அறிவிப்பர். 1481ஆம் ஆண்டளவில் ஹைடல்பேர்க் மாணவருக்கென அச்சான ஓர் இலத்தீன் உரையாடல் நூல் இச்சடங்கை விரிவாகக் கூறுகின்றது. புதியவரிடம் பணம் பறித்தலைப் பாரிஸ் பல்கலைக்கழகம் பதினான்காம் நூற்றாண்டிலேயே தடைசெய்தது. தடை எழுந்தது, வழக்கமோ நெடுங்காலம் நிலைத்தது. வாயிலிற் காவலும் வரவேற்பும் இல்லாதவிடத்து, அவ்விடத்தை வேறெவரேனும் கைப்பற்றிக்கொள்வர் என்பதையே இது காட்டுகிறது.

புதுமுக மாணவரைக் கைகொடுத்து அழைத்துச் செல்வது கல்வி நிலையத்தின் கடமையே என்னும் எண்ணம் அமெரிக்காவிற் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உருப்பெறத் தொடங்கியது. பொஸ்டன் பல்கலைக்கழகம் 1888ஆம் ஆண்டில் இத்தகைய அறிமுக வகுப்பொன்றை நடத்தியதாகக் கூறுவர். ஒறிகன் மாநிலத்து ரீட் கல்லூரி 1911ஆம் ஆண்டில் அதனைப் பட்டத்துக்குக் கணிக்கப்படும் பாடமாகவே அமைத்தது. இவ்வகுப்புகள் பின்னர் பல கல்லூரிகளிற் பரவின. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர் அவை பெரும்பாலும் மறைந்தன என்று சொல்லத்தக்க நிலை ஏற்பட்டது. பல்கலைக்கழக வாழ்வுக்குப் பழகுதல் கல்வியாகாது, அதற்குப் புள்ளி வழங்குதல் தகாது என்று பேராசிரியர் பலர் கருதியமையே அதற்கு முதன்மையான காரணம்.

மறைந்த அவ்வெண்ணம் மீண்டும் உயிர்பெற்றது ஒரு கலகத்தின் விளைவாகவே.

தென் கரோலினா மாநிலத்தின் தலைநகர் கொலம்பியா. அங்குள்ள பல்கலைக்கழகம் 1963ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலேதான் இருபதாம் நூற்றாண்டில் முதன்முறையாகக் கறுப்பின மாணவர் மூவரைச் சேர்த்துக்கொண்டது. அந்நாளில் அதன் தலைவராயிருந்தவர் தோமஸ் ஜோன்ஸ் என்னும் பொறியியலாளர். அடுத்த சில ஆண்டுகளில் வியட்நாம் போர் மாணவரின் நெஞ்சைக் கொதிக்கச் செய்தது. 1970ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் ஒகையோ மாநிலத்துக் கென்ற் பல்கலைக்கழகத்திற் படையினரின் துப்பாக்கிக்கு மாணவர் நால்வர் பலியாயினர். அத்தீ கொலம்பியாவிலும் பற்றியது. மாணவர் திரண்டு நிருவாகக் கட்டடத்துட் புகுந்தனர். தலைவர் தம் அறையை விட்டு வெளியேற இயலாது அகப்பட்டுக் கிடந்தார். கண்ணீர்ப் புகையும் படையும் வந்த பின்னரே அமைதி திரும்பியது.

அத்தகைய நேரத்தில் அதிகாரத்தில் இருப்போர் பெரும்பாலும் கேட்கும் வினா, குற்றவாளிகள் யாவர் என்பதே. ஜோன்ஸ் வேறொரு வினாவையும் எழுப்பினார். தம்மிடம் கற்க வந்த இளைஞர் தம் பல்கலைக்கழகத்தையே பகையாகக் கருதுமளவிற்கு நேர்ந்த குறை யாது என்று அவர் ஆராய்ந்தார். ஆசிரியர் மாணவரை அறியவில்லை. மாணவர் ஆசிரியரை நம்பவில்லை. நிருவாகத்தாரோ இருவருக்கும் எட்டாத் தொலைவில் இருந்தனர். இவ்விடைவெளியை நிரப்பவேண்டுமாயின் மாணவன் வாயிலில் அடி வைக்கும் முதலாண்டிலேயே தொடங்குதல் வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1972ஆம் ஆண்டில் 'பல்கலைக்கழகம் 101' என்னும் பாடம் பிறந்தது. அமெரிக்காவில் ஒரு துறையின் தொடக்கப் பாடத்திற்கு 101 என்னும் எண்ணை இடுவது வழக்கம். வேதியியலுக்கும் வரலாற்றிற்கும் தொடக்கப் பாடம் இருப்பதுபோலப் பல்கலைக்கழகத்திற்கே ஒரு தொடக்கப் பாடம் வேண்டும் என்பது அப்பெயரின் பொருள்.

இத்திட்டத்தின் சிறப்பு யாதெனில், அது மாணவரைத் திருத்துவதற்கு முன் ஆசிரியரைப் பயிற்றத் தொடங்கியமையே. அப்பாடத்தைக் கற்பிக்க விரும்பும் விரிவுரையாளர் எவரும் முதலிற் பயிற்சி வகுப்பில் அமர்தல் வேண்டும். அங்கே அவர் பேசுவதைக் காட்டிலும் கேட்பதற்கும், சொற்பொழிவாற்றுவதைக் காட்டிலும் கலந்துரையாடுவதற்கும் பழக்கப்படுவார். முதலாண்டு மாணவனின் அச்சம் எத்தகையது என்பதைத் தாமே ஒரு குழுவிற் புதியவராய் அமர்ந்து உணர்வார். இங்ஙனம் பயின்றவர் தம் சொந்தத் துறைக்குத் திரும்பியபோது அங்கும் நன்கு கற்பிப்பார் என்பது ஜோன்ஸின் எதிர்பார்ப்பு.

அம்முதற் பயிற்சியிற் கலந்துகொண்டவருள் ஜோன் கார்ட்னர் என்னும் இளம் ஆசிரியரும் ஒருவர். கல்லூரியின் முதலரையாண்டிலே புள்ளிகள் தாழ்ந்து எச்சரிக்கைக்கு உள்ளானவர் அவர். தத்தளிக்கும் மாணவனின் நிலை அவருக்கு ஏட்டறிவன்று. 1974ஆம் ஆண்டிலே ஜோன்ஸ் பதவியினின்று விலகியபோது திட்டம் அழிந்துபோகக் கூடிய நிலையில் இருந்தது. அவ்வாண்டில் அதன் பொறுப்பை ஏற்ற கார்ட்னர் 1999ஆம் ஆண்டுவரை, இருபத்தைந்து ஆண்டுகள், அதனைப் பேணி வளர்த்தார்.

வகுப்பு எவ்வாறு நடைபெறுகிறது? இருபது அல்லது இருபத்தைந்து மாணவர் ஒரு குழுவாய் அமர்வர். நூற்றுக்கணக்கானோர் அமரும் விரிவுரை மண்டபத்தில் பெயரின்றி இருப்பவன் இங்கே பெயருடையவனாகிறான். நேரத்தை வகுத்துக்கொள்ளுதல், குறிப்பெடுத்தல், கட்டுரை எழுதுதல், பிறர் கருத்தைத் தன் கருத்தெனக் காட்டாதிருத்தல் ஆகியன கற்பிக்கப்படும். குழு நூலகத்திற்குச் செல்லும். நூலகர் நூற்பட்டியலை நோக்கும் முறையைச் செய்துகாட்டுவார். எழுத்துப் பயிற்சி நிலையம், மருத்துவ நிலையம், உளவளத் துணையாளர் அறை, தொழில் வழிகாட்டு நிலையம் ஆகியவற்றின் கதவுகளை மாணவர் நேரிற் காண்பர். துன்பம் வந்த நாளில் தட்டவேண்டிய கதவைத் துன்பம் வருமுன்னரே அறிந்திருத்தல் வேண்டும் என்பதே இதன் நோக்கம். உதவி இருந்தும் அஃது எங்கே உள்ளதென்று அறியாமலும், கேட்பதற்கு நாணியும் கெட்டோர் பலர். பிற்காலத்தில், அப்பாடத்தை முன்னர் கற்றுத் தேர்ந்த மூத்த மாணவரும் ஆசிரியருக்குத் துணையாய் வகுப்பில் அமர்த்தப்பட்டனர். கொம்பறுத்த மூத்தவன் இருந்த இடத்திற் கைகொடுக்கும் மூத்தவன் வந்து அமர்ந்தான்.

எதிர்ப்பு இல்லாமலில்லை. வளர்ந்த பிள்ளைகளுக்கு நடைவண்டி எதற்கு என்று சிலர் எள்ளினர். இவர்களுக்கு விடை கூறும்பொருட்டுப் போல் ஃபிட்லர் என்னும் ஆய்வாளர் பதினான்கு ஆண்டுக் கணக்குகளை நுணுகி நோக்கினார். அப்பாடத்தைக் கற்றவர், கல்லாதவரைக் காட்டிலும் பெரும்பாலான ஆண்டுகளிற் கூடிய விகிதத்தில் இரண்டாம் ஆண்டிற்குத் திரும்பியமை 1991ஆம் ஆண்டு வெளியான அவர் ஆய்வினாற் புலனாயிற்று. பாடத்தை விரும்பித் தெரிந்தவர் இயல்பிலேயே ஊக்கமுடையவராய் இருந்திருக்கலாம் அன்றோ என்னும் ஐயத்தை அறிஞர் எழுப்பியதும் நியாயமே. எனினும் 1982ஆம் ஆண்டிற் கொலம்பியாவில் இப்பொருள் பற்றி நாடளாவிய மாநாடு கூடிய பின்னர், முதலாண்டுக் கருத்தரங்கு அமெரிக்கக் கல்வி நிலையங்கள் பெரும்பாலானவற்றிலும் இடம்பெறலாயிற்று.

இவ்வரலாறு இலங்கைக்கு அயலானதன்று. 1942ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது மாணவர் தொகை ஆயிரத்திற்கும் குறைவே. துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ், மாணவர் ஆசிரியரோடு ஓரிடத்தில் வாழ்ந்து கற்கும் பல்கலைக்கழகத்தையே கனவு கண்டார். 1952ஆம் ஆண்டிற் பேராதனையில் அக்கனவு நனவாகத் தொடங்கியபோது, விரிவுரையாளரே விடுதிக் காப்பாளராய் இருந்தனர். தொகை சிறிதாயிருந்தமையால் முகம் அறிந்து பழக முடிந்தது. 1960ஆம் ஆண்டு முதற் சிங்களத்திலும் தமிழிலும் கலைத்துறைக் கல்வி வழங்கப்படவே, கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகக் கதவு அகலத் திறந்தது. அது பெரும்பேறு. ஆயினும் விரிவுரை தாய்மொழியில் நிகழ, நூலகத்து நூல்களோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தன. குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் கண்ட பிள்ளைக்கு, அவ்விடத்து வழக்கங்களை வீட்டிற் சொல்லிக்கொடுப்பாரும் இலர். கதவு அகன்ற அளவிற்கு வரவேற்பு அகலவில்லை.

அவ்வெற்றிடத்தில் வளர்ந்தது பகிடிவதை. விளையாட்டெனத் தொடங்கியது வதையாய் முடிந்து, மாணவர் உடலூனமுற்றதும் உண்டு, உயிரிழந்ததும் உண்டு. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. சட்டம் இன்றியமையாதது. ஆயினும் பாரிஸ் நகரத்துப் பழைய தடையின் கதை இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. சட்டம் தீயவனின் கையைத் தடுக்கும். திகைத்து நிற்பவனின் கையைப் பற்றி அழைத்துச் செல்லும் ஆற்றல் அதற்கு இல்லை. அதற்கு மனிதர் வேண்டும். இலங்கைப் பல்கலைக்கழகங்கள் புதுமுக மாணவருக்கென நடத்தும் அறிமுக நிகழ்ச்சிகளும், ஆங்கில வகுப்புகளும், மாணவ ஆலோசகர் பதவிகளும் அவ்வழியில் எடுத்துவைத்த அடிகளாம். அவை சில நாட் சடங்காய்க் கழியாது, ஓராண்டு முழுவதும் தொடரும் உறவாதல் வேண்டும் என்பதே கொலம்பியாவின் அனுபவம் புகட்டும் பாடம்.

கலகக்காரர் சூழ்ந்த அறையில் அகப்பட்ட ஒரு தலைவர், கதவுக்கு இன்னும் வலிய பூட்டினைத் தேடியிருக்கலாம். அவரோ, அக்கதவு ஏன் மூடியிருந்தது என்று எண்ணிப்பார்த்தார். பல்கலைக்கழகத்திற்குப் புதியவனைக் குஞ்சுப் பறவை என்று அழைத்த முன்னோர் ஏளனஞ் செய்யவே அப்பெயரை இட்டனர். குஞ்சின் அலகு மஞ்சளாயிருத்தல் குற்றமன்று. அதற்குப் பறக்கக் கற்பித்தல் கூட்டிற்குரியாரின் கடமை.