டைட்டில் பாரில் ஒரு முக்கால்

2003-ல் நான் எட்டாம் வகுப்பு. விக்கிரமசிங்கபுரத்தில் மாடி ஒன்றில் இருந்த பிரவுசிங் சென்டரில் மூன்றே மூன்று கம்ப்யூட்டர், மூன்றிலும் விண்டோஸ் 98. சுவரில் கையால் எழுதி ஒட்டிய காகிதம்: ‘செட்டிங்ஸை மாற்றக் கூடாது.’ சிவஞான முனிவர் பிறந்த ஊர் என்பதால் எங்கள் பள்ளிக் கட்டுரைப் போட்டிகளில் அடிக்கடி அவர்தான் தலைப்பு. அதற்காக ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக்குள்ளே தமிழ் ஒழுங்காகத்தான் தெரிந்தது. ஆனால் விண்டோவின் உச்சியில், அந்த நீலப் பட்டையில், ‘தமிழ்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் முக்கால் என்ற பின்னக் குறி, தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, ஒரு சென்ட் குறி, கடைசியில் இன்னொரு கோடு போட்ட யு.

பக்கத்து சீட்டில் பாலிடெக்னிக் படிக்கிற அண்ணன் ஒருத்தர் எட்டிப் பார்த்தார். “என்னலே, முக்காலைப் பாத்து முழிச்சிட்டு இருக்க? தள்ளு.” டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக், பிராப்பர்டீஸ், அப்பியரன்ஸ். அங்கே ‘ஆக்டிவ் டைட்டில் பார்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, அதன் எழுத்துருவை ஒரு தமிழ் எழுத்துருவாக மாற்றி ஓகே கொடுத்தார். முக்கால் போய் ‘த’ வந்தது. சுவரிலிருந்த காகிதத்தைக் காட்டினேன். “அவருக்கு இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சாத்தானே” என்றார்.

அந்த அப்பியரன்ஸ் பெட்டி எதற்காகச் செய்யப்பட்டது? அலங்காரத்துக்கு. 1992-ல் வந்த விண்டோஸ் 3.1-லேயே விதவிதமான வண்ணத் தொகுப்புகள் உண்டு. சிவப்பும் மஞ்சளுமாகக் கண்ணைக் குத்தும் ‘ஹாட்டாக் ஸ்டாண்ட்’ என்ற தொகுப்பை இன்றும் கேலி செய்கிறார்கள். விண்டோஸ் 95, 98-ல் டைட்டில் பாருக்கு ஓர் எழுத்துரு, மெனுவுக்கு ஒன்று, ஐகானுக்கு ஒன்று, மெசேஜ் பாக்ஸுக்கு ஒன்று எனத் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். அதைச் செய்தவர்கள் மனதில் இருந்திருக்கக்கூடியது, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்க விரும்பும் கண்ணாடி போட்ட மனிதர். நம் ஆட்கள் அதைத் தமிழ் படிக்கப் பயன்படுத்தினார்கள்.

அது வேலை செய்ததற்குக் காரணம் எளிமையானது. அன்றைய எழுத்துருவில் மொத்தம் 256 இடங்கள். முதல் 128-ல் ஆங்கிலம், எண்கள், புள்ளி, கமா. மீதி 128-ல் மேற்கத்திய எழுத்துருக்கள் பின்னங்களையும் நாணயக் குறிகளையும் கோடு போட்ட எழுத்துகளையும் வைத்திருந்தன. திஸ்கி அந்த மேல் பாதியில் தமிழை உட்கார வைத்தது. 190 என்ற எண்ணுக்கு ஆங்கில எழுத்துருவில் முக்கால், திஸ்கி எழுத்துருவில் ‘த’. கம்ப்யூட்டருக்கு இரண்டுமே 190தான். கீழ்ப்பாதியில் ஆங்கிலம் அப்படியே இருந்ததால், மெனு முழுவதையும் தமிழ் எழுத்துருவுக்கு மாற்றினாலும் ‘ஃபைல்’, ‘எடிட்’ எதுவும் கெடாது.

சிக்கல் என்னவென்றால் மேல் பாதியில் யாரை எங்கே உட்கார வைப்பது என்பதில் ஒற்றுமை கிடையாது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற இரண்டு குறியீடுகளை ஏற்றது. மதுரைத் திட்டம் போன்ற தன்னார்வ முயற்சிகளோ திஸ்கியில் இருந்தன. பத்திரிகைகள் தத்தம் எழுத்துருவை வைத்துக்கொண்டன. டைட்டில் பாரை ஒன்றுக்குச் சரிசெய்தால் மற்றது உளறும். எனவே ரைட் கிளிக், பிராப்பர்டீஸ், அப்பியரன்ஸ், மறுபடியும் முதலிலிருந்து. இதைச் சலிக்காமல் செய்தவர்களால்தான் தமிழ் இணையம் அந்த ஆண்டுகளைத் தாண்டியது என்று நான் சொல்வேன். குறியீட்டுச் சண்டைகளின் வரலாற்றில் இவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

பிறகு யூனிகோட். விண்டோஸ் 2000-த்தில் லதா எழுத்துருவோடு தமிழ் உள்ளேயே வந்தது. எக்ஸ்பி-யில் ஒரு டிக் அடித்து சிடியைப் போட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ‘த’வுக்குத் தனக்கென ஓர் எண் கிடைத்துவிட்டது, எழுத்துரு மாறினாலும் அது முக்காலாகாது. அப்பியரன்ஸ் பெட்டி பழையபடி அலங்காரத்துக்குத் திரும்பியது.

அலங்காரம்தானே என்று விட்டுவிட முடியாது என்பது அடுத்த பத்தாண்டில் தெரிந்தது. மைக்ரோசாஃப்ட் வளரும் நாடுகளுக்கென விண்டோஸ் எக்ஸ்பி ஸ்டார்ட்டர் என்ற மலிவுப் பதிப்பைக் கொண்டுவந்தது. இந்தியாவில் அது 2005-ல் முதலில் இந்தியில் வந்தது. ஒரே நேரத்தில் மூன்று நிரல்களுக்கு மேல் திறக்காது. 2009-ல் வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரில் அந்த மூன்று என்ற கணக்கு போனது. பதிலுக்கு வால்பேப்பரை மாற்ற முடியாது, விண்டோ நிறத்தை மாற்ற முடியாது, ஒலித் தொகுப்பை மாற்ற முடியாது. நிரல் எழுதுகிறவனாக இதைச் சொல்கிறேன்: வால்பேப்பர் மாற்ற அதிக மெமரியோ வேகமான பிராசஸரோ தேவையில்லை. விண்டோஸ் 95 செய்த காரியம். இருக்கிற வசதியை எடுத்துவிட்டுத் தருவதுதான் அந்த மலிவு விலையின் அர்த்தம்.

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரில் தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. முதல் ஆண்டு இலக்கு 9.12 லட்சம் மாணவர்கள். மூடியில் முதல்வர் படம். முதல் தவணைகளில் பலவற்றில் இரண்டு இயங்குதளங்கள்: ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், இன்னொன்று சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டரில் பதினேழு வயதுப் பிள்ளை முதலில் என்ன செய்யும்? அஜித்தையோ விஜய்யையோ திரையில் வைக்கும். ஸ்டார்ட்டரில் அது நடக்காது. ஊரெங்கும் பென் டிரைவுகளில் வால்பேப்பர் மாற்றும் குட்டி மென்பொருள்கள் சுற்றின, கூடவே வைரஸும். 2013-ல் உத்தரப்பிரதேச அரசு கொடுத்த மடிக்கணினிகளில் முலாயம் சிங், அகிலேஷ் யாதவ் படங்களை நீக்கப் பார்த்தால் கணினியே படுத்துவிடுகிறது என்று பத்திரிகைகள் எழுதின. பொருள் உன்னுடையது, முகம் எங்களுடையது.

பாஸ் பக்கம் இப்படி எந்தப் பூட்டும் இல்லை. டெபியனை அடிப்படையாகக் கொண்டது. படம், நிறம், ஐகான், எழுத்துரு, மொழி எல்லாவற்றையும் மாற்றலாம். மெனுவைத் தமிழிலும் வைத்துக்கொள்ளலாம். கணினியை ஆன் செய்ததும் வரும் பட்டியலில் அதன் பெயரும் இருந்தது. எனக்குத் தெரிந்த பெரும்பாலான பிள்ளைகள் அம்புக்குறியை அந்த வரிக்கு நகர்த்தியதே இல்லை. சொல்லிக்கொடுக்கவும் ஆளில்லை.

என் சித்தி மகள் மட்டும் நகர்த்தினாள். 2012-ல் அவள் பிளஸ் டூ. பாஸில் ரைட் கிளிக் செய்தால் படம் மாற்ற வழி இருப்பதைத் தானே கண்டுபிடித்து, பாபநாசம் கோயில் படித்துறையில் மொபைலில் எடுத்த படம் ஒன்றை வைத்திருந்தாள். படம் திரைக்குப் போதாமல் ஓரங்களில் இழுபட்டு, ஆறே கொஞ்சம் குண்டாகத் தெரிந்தது. விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது அதே பெட்டியில் எழுத்துருக்கள் என்ற பக்கத்தைத் திறந்து காட்டினேன். ‘விண்டோ டைட்டில்’ என்று ஒரு வரி அங்கே அப்படியே இருந்தது.

“இது எதுக்குண்ணே?”

முக்கால் கதையைச் சொன்னேன்.

“சும்மா சொல்லாதீங்க” என்றவள், ஆற்றின் அகலத்தைச் சரிசெய்யப் போய்விட்டாள்.