முத்துக்குளித்த கரையும் நாங்களும்

1803இல் வெளியான றொபர்ட் பேர்சிவலின் நூலில் எங்கள் கொண்டச்சி வருகிறது. இரவில் அரிப்பில் பீரங்கி முழங்கும்; தோணிகள் எல்லாம் ஒன்றாகப் பாய் விரிக்கும். ஒரு தோணியில் பத்துக் குளியாளிகள். ஐவர் மூழ்க, ஐவர் மேலே இளைப்பாறுவர். தூத்துக்குடி, கீழக்கரைப் பக்கமிருந்து வந்த பரவரும் முஸ்லிம்களும் ஒரே பாரில் குளித்தார்கள். சுறாவுக்கு மந்திரம் ஓதுபவர் கரையில் இல்லையென்றால் யாருமே இறங்க மாட்டார்களாம்!

வந்தவர்க்கெல்லாம் இடம் கொடுத்த கரை இது. 1990 ஒக்டோபரில், புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, எங்களுக்கு இங்கே இடமில்லாமல் போனது. புத்தளம் ஏற்றுக்கொண்டது. 2009இல் யுத்தம் முடிந்தபின் திரும்பினோம். குடியிருந்த காணிகளில் காடு வளர்ந்திருந்தது. புத்தளத்தில் பிறந்த எங்கள் பிள்ளைகளிடம் “சொந்த ஊர் எது?” என்று கேட்டால், இன்றும் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்கிறார்கள்.