துக்கத்திலிருந்து நையாண்டிக்கு: பினாங்கின் போரியா

மலேசியத் தமிழ் ராப் இசை யோகி பி, நட்சத்திரா குழுவினரின் 'வல்லவன்' (2006) தொகுப்பால் பரவலாக அறியப்பட்டது. ஆனால் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில், அடிகளின் ஈற்றொலி ஒன்றிவரும் இயைபுத் தொடையில் ஊர்நடப்பைக் கேலி செய்து வீதியில் பாடும் குழுக்கள் இருந்தன. அவர்களுடைய கலைக்குப் போரியா என்று பெயர்.

அதன் வேர் கேளிக்கையில் இல்லை. கி.பி. 680இல் கர்பலாவில் இமாம் ஹுசைன் கொல்லப்பட்டதை நினைவுகூரும் முஹர்ரம் மாதத்தின் முதல் பத்து நாள் துக்கச் சடங்குகளை, சென்னை மாகாணப் படையின் முஸ்லிம் சிப்பாய்களும் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளும் பினாங்குக்குக் கொண்டுவந்தனர். சூலியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர் மலாய்ப் பெண்களை மணந்ததால் பெருகிய ஜாவி பெரனாக்கான் சமூகம் அச்சடங்கைத் தனதாக்கிக்கொண்டபோது, ஒப்பாரியின் இடத்தில் மலாய்மொழி நையாண்டி வந்து அமர்ந்தது.

துக்காங் காராங் எனப்படும் தலைமைப் பாடகர், நான்கடியும் ஒரே ஒலியில் முடியும் கண்ணிகளைக் கட்டிப் பாட, ஸ்போரோட் எனப்படும் பின்பாட்டுக் கூட்டம் பல்லவியைத் திருப்பிப் பாடி ஆடும். பாட்டுக்கு முன்னால் சிறு நகைச்சுவை நாடகமும் உண்டு. அரபியர், மாலுமிகள், சிப்பாய்கள் என்று துறைமுக நகரம் கண்ட எவருடைய உடையும் வேடத்துக்கு உதவியது. ஆகவே வெகுசனப் பண்பாட்டிலிருந்து தாராளமாகக் கடன் வாங்குவது ராப் கலைஞர் கண்டுபிடித்த வித்தை அன்று.

குழுக்கள் கம்பங்கள் எனப்படும் குடியிருப்புகளைச் சார்ந்தே இயங்கியதால், பாட்டில் தொடங்கிய போட்டி சில வேளைகளில் கைகலப்பில் முடிந்தது. முஹர்ரம் ஊர்வலங்களோடு தொடர்புடைய வெள்ளைக்கொடி, செங்கொடிச் சங்கங்கள், முறையே கீ ஹின், துவா பெக் கோங் என்னும் சீன இரகசியச் சங்கங்களோடு கூட்டுச் சேர்ந்து 1867 ஆகஸ்டில் நகரைப் போர்க்களமாக்கியதை அதிகாரிகள் நெடுங்காலம் மறக்கவில்லை. பின்னர் இஸ்லாமியச் சீர்திருத்தவாதிகளும் போரியாவை வீண்செலவு என்றும் மார்க்கத்துக்குப் புறம்பானது என்றும் கண்டித்தனர். துக்க நாளில் கூத்தா என்ற அவர்களது கேள்வியில் நியாயம் உண்டு. எனினும் செல்வரையும் மேனாமினுக்கிகளையும் அவர்கள் வீட்டு வாசலிலேயே நின்று கேலி செய்யும் உரிமையைச் சாதாரண மக்களுக்கு ஆண்டில் சில நாளேனும் தந்த வழக்கம் அது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஒன்று மட்டும் போரியாவில் இடம்பெறவில்லை. ஹூஸ்டன் நகரின் கெட்டோ பாய்ஸ் குழு 1991இல் அச்சத்தையும் மனக்குழப்பத்தையும் தன்னிலையில் நின்று ராப் பாடலாக்கியது. போரியாவோ பிறர் குறையைப் பலர் கூடிப் பாடுவதையே இலக்கணமாகக் கொண்டதால், தனி மனிதனின் உள்நோவுக்கு அதில் குரல் கிடைக்கவில்லை. துக்கத்தில் பிறந்த கலைக்கு இது விந்தையான முடிவுதான். இன்று அது முஹர்ரத்தை விட்டு விலகி, திருமணங்களிலும் அரசு விழாக்களிலும் தேர்தல் பரப்புரையிலும் ஆடப்படுகிறது.