சீட்டித் துணியிலிருந்து முதுநிலைப் பட்டம் வரை: இந்திய ஜவுளி பாடமான வரலாறு

ஆடைத் தயாரிப்பையோ ஜவுளி வடிவமைப்பையோ முதுநிலையில் படிக்கும் இந்திய மாணவர் அநேகமாக எல்லோரும் 'இந்தியாவின் மரபுத் துணிகள்' என்ற தாளைக் கடந்து வருகிறார்கள். காஞ்சிபுரம், பனாரஸ், பட்டோலா, ஜம்தானி, இக்கத், கலம்காரி என்று மாநில வாரியாகப் பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும் ஊர், இழை, நுட்பம், நிறம், உருவங்கள் ஆகியவற்றை எழுத வேண்டும். கூடவே, துணிகளைச் சிறு துண்டுகளாக நறுக்கி ஒட்டிய மாதிரிப் பதிவேடு ஒன்றையும் ஒப்படைக்க வேண்டும். இந்தப் பாடமுறையை யார், எதற்காக உருவாக்கினார்கள் என்பது மட்டும் அந்தத் தாளில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அந்த வரலாறு வகுப்பறையில் தொடங்கவில்லை. துணி வாங்க வந்தவர்களும், அதைத் தங்கள் நாட்டில் செய்துபார்க்க விரும்பியவர்களும் எழுதிய குறிப்புகளில் தொடங்கியது.

சாயக்காரர்களிடம் கேட்டெழுதியவை

17ஆம் நூற்றாண்டில் இந்தியச் சீட்டித் துணி ஐரோப்பாவைக் கவர்ந்தது. துவைத்தாலும் போகாத சாயம் அன்று அங்கே பருத்தியில் கைவராத வித்தை. உள்ளூர் கம்பளி, பட்டு நெசவாளர்கள் எதிர்த்ததால் பிரான்ஸ் 1686இல் சீட்டித் துணியைத் தடைசெய்தது. இங்கிலாந்து 1700இலும் 1720இலும் இரண்டு சட்டங்கள் போட்டது. தடை இருந்த காலத்தில்தான் அந்த நுட்பத்தை அறியும் முயற்சிகளும் தீவிரமாயின.

பிரெஞ்சுக் கம்பெனியின் முகவர் ஜார்ஜ் ரோக் 1678 வாக்கில் அகமதாபாத் பகுதியில் அச்சுத் துணி வேலையைப் பார்த்து விரிவான கையெழுத்துப் படி ஒன்றை எழுதினார். துணி வாங்கும் மற்ற முகவர்கள் ஏமாறாமல் இருக்க அது வழிகாட்டி. அவருக்கு அரை நூற்றாண்டுக்குப் பின், 1734 வாக்கில், கடற்படை அதிகாரி போலியு புதுச்சேரியில் செய்தது இன்னும் நுணுக்கமானது. பிரெஞ்சு அரசின் சாயத் துறை மேற்பார்வையாளராக இருந்த வேதியியலாளர் தூ ஃபே கேட்டுக்கொண்டதன் பேரில், சாயமிடும் வேலையை உடனிருந்து கவனித்தார். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியில் ஒரு துண்டை வெட்டி, விளக்கத்தோடு இணைத்தார். அந்தத் துண்டுகளுடன் கூடிய படி பாரிசில் இன்றும் இருக்கிறது. இன்றைய மாணவர் ஒப்படைக்கும் மாதிரிப் பதிவேட்டின் மூத்த உறவினர் என்று இதைச் சொல்லலாம்.

அடுத்தவர் இயேசு சபைத் துறவி கேர்தூ. சமஸ்கிருதத்துக்கும் கிரேக்க, லத்தீன் மொழிகளுக்கும் உள்ள உறவைக் குறித்து எழுதியதற்காக மொழியியலில் நினைக்கப்படுபவர். சோழமண்டலக் கரையிலிருந்து 1742 ஜனவரியில் அவர் எழுதிய கடிதம் சாயத் தொழில் பற்றியது. தாம் ஞானஸ்நானம் கொடுத்த சாயக்காரர்களைத் தனித்தனியாக, வெவ்வேறு நேரங்களில் விசாரித்து, விடைகளை ஒப்பிட்டுப் பார்த்தே எழுதியதாக அவர் சொல்கிறார். இன்றைய ஆய்வு முறையியல் வகுப்பில் பாராட்டுக் கிடைத்திருக்கும். ஆனால் குருவானவரே கேட்கும்போது புதிதாக மதம் மாறியவர் சொல்லாமல் இருக்க முடியுமா என்ற கேள்வியும் அங்கேயே இருக்கிறது. அவர்களில் ஒருவர் பெயர்கூட அறிஞர்கள் மேற்கோள் காட்டும் பெயராக நிலைக்கவில்லை.

கேர்தூ பதிந்த நுட்பம் வியப்பானது. துணியைக் கடுக்காய்ப் பொடியும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்புப் பொருள் சாயத்தைப் பிடித்துக்கொள்ள உதவும். பாலின் கொழுப்பு, வரையும் கோடு துணியில் பரவாமல் தடுக்கும். இரும்புத் துருவால் செய்த கரைசலில் கறுப்புக் கோடு வரைவார்கள். சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலைத் தீட்டுவார்கள். பிறகு சாயவேரோடு சேர்த்துத் துணியைக் கொதிக்கவைத்தால், படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு நிலைக்கும். மற்ற இடத்தில் ஒட்டிய லேசான நிறம், ஆட்டுச் சாணக் கரைசலிலும் வெயிலிலும் வெளுத்துப்போகும். நீலம் வேண்டும் என்றால் மற்றப் பகுதிகளை மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் இறக்குவார்கள். வேதியியல் நூல்கள் 'நிறமூன்றி' என்று விளக்கும் கருத்து முழுவதும் இந்த வேலையில் இருக்கிறது. அதை எழுதிவைத்தவர் வெளியிலிருந்து வந்தவர் என்பதுதான் வேறுபாடு.

பிரான்ஸ் 1759இல் தடையை நீக்கியது. அடுத்த ஆண்டே ஓபர்காம்ஃப் என்பவர் ஷூய் என்ற ஊரில் அச்சுத் துணி ஆலையைத் தொடங்கினார். ஐரோப்பிய ஆலைகள் சாயவேருக்குப் பதிலாகத் தங்கள் மஞ்சிட்டி வேரைப் பயன்படுத்தின. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் சாயவேர் கிண்டுவதை டச்சுக் கம்பெனி தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்த அளவுக்கு மதிப்பு மிக்க பொருள் அது. 1868இல் கிரேபே, லீபர்மன் என்ற ஜெர்மானியர் இருவர், அதே சிவப்பைத் தரும் அலிசரினைச் செயற்கையாகச் செய்துவிட்டார்கள். சில பத்தாண்டுகளில் சாயவேர் சந்தையை விட்டே போயிற்று.

எழுநூறு துண்டுகள்

1866இல் லண்டனில் வெளியான 18 தொகுதிகள் இந்த வரலாற்றின் திருப்புமுனை. தொகுத்தவர் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன். இந்தியப் பொருள்களைப் பற்றி அரசுக்கு அறிக்கை தரும் பதவியில் இருந்தவர். தொகுதிகளில் மொத்தம் 700 துணி மாதிரிகள். ஒவ்வொன்றுக்கும் நீளம், அகலம், எடை, கிடைத்த இடம் எனக் குறிப்பு. மொத்தம் 20 படிகள் செய்யப்பட்டன. 13 படிகள் மான்செஸ்டர், கிளாஸ்கோ, பிரெஸ்டன் போன்ற பிரிட்டிஷ் ஊர்களுக்கும், 7 படிகள் சென்னை உட்பட இந்தியாவுக்கும் என ஒதுக்கப்பட்டன. 20 படிகளுக்காகவும் ஒரே துணி இருபது துண்டுகளாக வெட்டப்பட்டது.

நோக்கத்தை வாட்சன் மறைக்கவில்லை. கோடிக்கணக்கான சாதாரண மக்கள் என்ன உடுத்துகிறார்கள், எவ்வளவு நீளத்தில் தலைப்பாகை கட்டுகிறார்கள், எந்தக் கரையை விரும்புகிறார்கள் என்று தெரிந்தால்தான் பிரிட்டிஷ் ஆலைக்காரர் அதைச் செய்து விற்க முடியும் என்பது அவர் வாதம். இந்தத் தொகுதிகளை அவர் அருங்காட்சியகம் என்றே கருதினார். கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதைவிட, ஆலை உள்ள ஊரில் வணிகர் மேசைமீது இருப்பதே பயன் என்றார். அதே மனிதர்தான் டாக்கா மஸ்லினையும் ஐரோப்பிய மஸ்லினையும் உருப்பெருக்கியின் கீழ் அளந்து, டாக்கா நூலே மெல்லியது என்று நேர்மையாக எழுதினார். அவரைத் திருடர் என்று மட்டும் ஒதுக்குவது எளிது. ஆனால் அவருடைய அளவீடுகள் இல்லாவிட்டால் அந்தக் காலத் துணிகளில் பலவற்றைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்திருக்காது.

துண்டில் தெரியாதது ஒன்று உண்டு. வாட்சன் தம் நூலில் இந்தியத் துணிகளை முதலில் இரண்டாகப் பிரித்தார்: தறியிலிருந்து இறங்கும்போதே உடையாகிவிடுபவை, வெட்டித் தைத்து உடையாக்குபவை. சேலை, வேட்டி, தலைப்பாகை முதல் வகை. இவற்றில் கரையும் முந்தியும் உடலும் எப்படிச் சேர்கின்றன என்பதில்தான் நெசவாளியின் திறமை இருக்கிறது. காஞ்சிபுரத்தின் கோர்வைச் சேலையை எடுத்துக்கொள்வோம். உடல் ஒரு நிறம், இரு கரைகளும் வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெய்பவருக்கு உதவியாக இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். உடல் ஊடையும் கரை ஊடையும் ஒவ்வொரு வரியிலும் கோர்த்துக்கொள்ளும். முந்தியின் நிறம் மாற வேண்டுமானால் பாவு இழைகளையே புதிய இழைகளோடு இணைக்க வேண்டும். அதைப் பேட்னி என்பார்கள். உள்ளங்கை அளவுத் துண்டில் நிறமும் இழையும் தெரியும். இருவர் சேர்ந்து செய்யும் வேலையின் ஒழுங்கு தெரியாது.

வாட்சனுக்குப் பிறகு இந்தியாவிலேயே அரசு அறிக்கைகள் பெருகின. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் 1890களில் சென்னை மாகாணத்தின் பருத்தி, பட்டுத் துணிகளைப் பற்றித் தனி அறிக்கைகள் எழுதினார். சென்னை ஓவியப் பள்ளியின் ஹடவே 1917இல் துணி ஓவியத்தையும் அச்சையும் பற்றி எழுதினார். இன்றைய மரபுத் துணித் தாளில் உள்ள 'ஊர், இழை, நுட்பம், உருவம்' என்ற வரிசை ஏறக்குறைய இந்த அறிக்கைகளின் வரிசைதான்.

மூன்று வகைப் படிப்புகள்

ஆலைப் பொறியியலுக்கான படிப்பு தனியாக வளர்ந்தது. 1887இல் பம்பாயில் தொடங்கிய விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்ப நிறுவனம் போன்றவை ஆலைகளுக்கு ஆள் தயாரித்தன. அங்கே கைத்தறி பின்தங்கிய பழைய முறை. பெண்கள் கல்வியின் பகுதியாக மனையியல் இன்னொரு வழியில் வந்தது. டெல்லி லேடி இர்வின் கல்லூரி 1932இலும் கோயம்புத்தூர் அவினாசிலிங்கம் கல்லூரி 1957இலும் தொடங்கின. தையலும் துணி பராமரிப்புமாகத் தொடங்கிய மனையியல் பாடம் பின்னாளில் 'ஜவுளியும் ஆடையும்' என்ற முதுநிலைப் படிப்பாகவும் முனைவர் ஆய்வாகவும் விரிந்தது. மரபுத் துணிகளைப் பற்றிப் பல்கலைக்கழகங்களில் எழுதப்பட்ட ஆய்வேடுகளில் கணிசமானவை இந்தத் துறையின் பெண் ஆய்வாளர்கள் எழுதியவை. கலை வரலாற்றாளர்கள் இவற்றை அதிகம் மேற்கோள் காட்டுவதில்லை என்பது என் எண்ணம். மூன்றாவது வழிக்குப் பிறகு வருவோம்.

இடையில் காந்திய இயக்கம் கேள்வியையே மாற்றிப் போட்டது. 1937 வார்தா மாநாட்டுக்குப் பின் உருவான ஆதாரக் கல்வித் திட்டத்தில், நூற்பு என்பது படிக்க வேண்டிய பொருளாக இல்லை. கணக்கும் புவியியலும் கற்பதற்கான வழியாக இருந்தது. பள்ளிகளில் அது நீடிக்கவில்லை. பல்கலைக்கழகத்தை அது எட்டவே இல்லை.

விடுதலைக்குப் பின் அகமதாபாத்தில் 1949இல் காலிகோ அருங்காட்சியகம் தொடங்கியது. யோசனை ஆனந்த குமாரசுவாமியுடையது. நிறைவேற்றியவர்கள் காலிகோ ஆலையை நடத்திய சாராபாய் குடும்பத்தினர். கைத்துணியின் சந்தையைப் பிடித்த ஆலையின் வளாகத்திலேயே கைத்துணிக்கு அருங்காட்சியகம் அமைந்ததை முரண் என்று சொல்வது சுலபம். எனினும் 1955 முதல் அது வெளியிட்ட இந்திய ஜவுளி வரலாற்று இதழ் இல்லாமல் இந்தத் துறை தனி ஆய்வுத் துறையாகியிருக்காது. ரோக், போலியு, கேர்தூ எழுதியவை ஆய்வாளர்களுக்குப் பரவலாகத் தெரியவந்தது ஜான் இர்வினும் ஷ்வார்ட்ஸும் 1950களிலும் 60களிலும் செய்த பணியால்தான். சாயத்தைக் கற்றுக்கொண்டு போனவர்களின் குறிப்புகள், இந்தியச் சாய வரலாற்றின் முதன்மைச் சான்றுகளாகத் திரும்பி வந்தன. 1956 முதல் திறக்கப்பட்ட நெசவாளர் சேவை மையங்களில் ஓவியர்களும் நெசவாளர்களும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தனர். ஓவியர் கே. ஜி. சுப்ரமணியன் அப்படி வேலை செய்தவர்களில் ஒருவர். சேலத்தில் 1960இல் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் வந்தது.

ஏற்றுமதி வந்த பிறகு

மூன்றாவது வழி ஏற்றுமதி. 1970களில் ஆயத்த ஆடை ஏற்றுமதி வளர்ந்தது. தையற்கூடங்களை நடத்த, வெட்டுமாதிரி வரைய, அளவு பெருக்க, நேரம் கணக்கிடத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். மத்திய ஜவுளி அமைச்சகம் 1986இல் டெல்லியில் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனத்தை, நியூயார்க்கின் ஒரு கல்வி நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் தொடங்கியது. 1995இல் சென்னைக் கிளை வந்தது. 2006ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குப் பட்டம் வழங்கும் அதிகாரம் தந்தது. திருப்பூர், கோயம்புத்தூர் வட்டாரக் கல்லூரிகளில் இதே வகைப் பாடங்கள் பெருகின.

இந்தப் பாடத்திட்டத்தில் ஆடைத் தயாரிப்பும் மரபுத் துணியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் பேசிக்கொள்வதில்லை. தயாரிப்புத் தாள் துணியின் அகலத்திலிருந்து தொடங்கும். அந்த அகலத்தில் கைப்பகுதி, முன்பகுதி, காலர் ஆகியவற்றை எப்படி அடுக்கினால் வீணாகும் துணி குறையும் என்று கணக்குப் போடும். சேலைக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. வெட்டும் இல்லை, வீணும் இல்லை. அதனால் அது தயாரிப்புத் தாளில் நுழைவதில்லை. வரலாற்றுத் தாளுக்குப் போய்விடுகிறது. வாட்சன் இரு வகையாகப் பிரித்த துணிகள் இன்று இரண்டு தனித்தனித் தேர்வுகள். 'கழிவற்ற ஆடை' என்று அண்மைக் காலத்தில் மேல்நாட்டு நூல்கள் வழியாக வந்த கருத்தை வேட்டி கட்டியவரின் பேரப்பிள்ளைகள் புதிதாகக் கற்பது வேடிக்கைதான்.

மரபுத் தாளின் ஒரு பகுதியாக மாணவர்கள் நெசவு ஊர்களுக்குச் சென்று ஆவணம் தயாரிக்கிறார்கள். அதில் நன்மை உண்டு. நகரத்து மாணவர் பலருக்குத் தறிக்குழியை நேரில் பார்ப்பது அதுவே முதல்முறை. ஆனால் சில நாட்களில் கேட்டெழுதி, படம் பிடித்து, துண்டு வாங்கி, நூலகத்தில் சேர்க்கும் அந்த முறை எந்த வழியாக வந்தது என்பதை மேலே பார்த்தோம். 2003இல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டம் 'காஞ்சிபுரம் பட்டு' என்ற பெயரைக் காக்கும். ஒரு நெசவாளியின் மூளையில் இருக்கும் வடிவத்தை மாணவரின் ஆய்வேடு எடுத்துக்கொண்டால், அதைத் தடுக்க அந்தச் சட்டம் அதிகம் செய்ய முடியாது. 2019-20 கணக்கெடுப்பின்படி கைத்தறியில் சுமார் 35 லட்சம் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். பெரும்பான்மையினர் பெண்கள். தகவல் தருபவர் என்ற இடத்தில் இவர்கள் ஆய்வேடுகளில் வருகிறார்கள். ஆசிரியராகவோ இணை ஆசிரியராகவோ வருவது அரிது.

மாற்று முயற்சிகளில் நன்கு அறியப்பட்டது குஜராத்தின் கச்சில் 2005இல் ஜூடி ஃப்ரேட்டர் தொடங்கிய கலா ரக்ஷா வித்யாலயா. 2014இல் ஆதிபூரில் சோமையா கலா வித்யாவும் வந்தது. இங்கே மாணவர்கள் நெசவாளர்களும் அச்சு வேலைக்காரர்களும் பூத்தையல் செய்யும் பெண்களும்தான். பாடம் உள்ளூர் மொழியில். ஓர் ஆண்டுப் படிப்பை இரண்டு வாரத் தொகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தொகுதிக்குப் பின்னும் மாணவர் வீட்டுக்குப் போய், கற்றதைத் தம் தறியிலோ துணியிலோ செய்து கொண்டுவர வேண்டும். நிறம், அமைப்பு, சந்தை என்று பாடங்கள் போகும். நுட்பத்தை யாரும் கற்றுத்தருவதில்லை, அது மாணவருக்கு ஏற்கெனவே தெரியும். படித்து முடித்த கைவினைஞர்களில் சிலர் அங்கேயே ஆசிரியர்களாக இருக்கிறார்கள்.