மஞ்சட்பாலும் அதன் பெயரும்

இருமலும் சளியும் கண்ட இரவில் நம் இல்லங்களில் அடுப்பேறுவது மஞ்சட்பால். காய்ச்சிய பாலில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், பொடித்த மிளகு, சிறிது பனங்கற்கண்டு. இவ்வளவே அதன் இலக்கணம். வடபுலத்தார் இத்தகைய பாலை 'ஹல்தி தூத்' என்பர். தமிழகம் விட்டுத் தலைநகரில் குடியேறிய நம் பிள்ளைகள் பலரது நாவிலும் அப்பெயரே பழகிவிட்டது. ஆதலின் இப்பெயர்களின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

'ஹல்தி' என்பது 'ஹரித்ரா' என்னும் வடசொல்லின் வழிவந்தது. அவ்வடசொல்லே கன்னடத்தில் 'அரிசின' என்றும், தமிழில் 'அரிசனம்' என்றும் திரிந்து வழங்கிற்று. ஆயினும், தமிழர் நாவில் நிலைத்தது மஞ்சள் என்னும் சொல்லே. மலையாளத்தாரும் அதனையே வழங்குகின்றனர்.

2016ஆம் ஆண்டளவில் மேலைநாட்டுக் காப்பிக் கடைகளில் இப்பானம் 'டர்மரிக் லாட்டே' எனப் புதுப்பெயர் பூண்டது. இத்தாலிய மொழியில் 'லாட்டே' என்றால் பால் என்பதே பொருள். காப்பி ஒரு துளியும் கலவாத மஞ்சட்பால், காப்பிக் கடைப் பெயரோடு உலகை வலம் வரலாயிற்று!

பெயர் எதுவாயின் என்ன, சுவை ஒன்றுதானே எனச் சிலர் வினவலாம். வழிவழி வந்த அறிவைப் பதியாது விட்டால் நேர்வது யாது என்பதை மஞ்சளின் வரலாறே காட்டும். 1995ஆம் ஆண்டில், புண்ணாற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் பெயரில் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. நம் நாட்டின் அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம் அதனை எதிர்த்தது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, பிறநாட்டு மக்களின் கைப்பழக்கம் சான்றாகாது. அச்சேறிய எழுத்தே சான்று. எனவே பழைய வடமொழி நூற்குறிப்பும், 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வெளிவந்த கட்டுரையும் உள்ளிட்ட 32 சான்றுகளை மன்றம் முன்வைத்தது. 1997இல் அவ்வுரிமை தள்ளுபடியாயிற்று. 2001இல் தொடங்கப்பெற்ற மரபறிவு மின்னூலகத்தில் இன்று சித்த மருத்துவ முறைகளும் பதிவாகியுள்ளன.

அவ்வழக்கு பாலைப் பற்றியதன்று. ஆயினும் அது தரும் பாடம் அடுக்களைக்கும் உரியது. பாட்டிமார் கைப்பக்குவத்தை அளவோடும் பெயரோடும் எழுதி வைப்போம். வெளியே நம் பிள்ளைகள் 'ஹல்தி தூத்' என்பதில் குற்றமில்லை. வீட்டில் குவளையை அவர்கள் கையில் தரும்போது மட்டும், 'மஞ்சட்பால்' எனச் சொல்லிக் கொடுப்போம்.