வல்லும் கையும்

பெங்களூருக்கு வந்த புதிதில் கன்னட எழுத்துகளைக் கூட்டிப் படிக்கப் பழகியது நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தில்தான். படம் இருக்கும், ஆட்டக்காரர்களின் பெயர்களும் தெரிந்தவை, மிச்சத்தை ஊகித்துவிடலாம். ஆனால் தலைப்புக்குத் தலைப்பு ‘பந்த்ய’ என்றொரு சொல் வந்துகொண்டே இருந்தது. டெஸ்ட் பந்த்ய, முதல் பந்த்ய, கடைசிப் பந்த்ய. இந்த ஊர்க்காரர்கள் எல்லாவற்றுக்கும் பணம் கட்டுவார்கள் போலிருக்கிறது, அதைக் கூச்சமில்லாமல் அச்சும் அடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ‘மேட்ச் அங்கிள், வேற ஒண்ணும் இல்ல’ என்று கன்னடப் பள்ளியில் படித்த பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பையன் சொல்லித்தந்தான். உண்மையான சூதாட்டச் செய்தி வேறொரு பக்கத்தில், திருட்டுக்கும் விபத்துக்கும் நடுவில் இருந்தது: ‘அந்தர் பாஹர் ஜூஜு’, இத்தனை பேர் கைது, இவ்வளவு ரொக்கம் பறிமுதல்.

தமிழில் பந்தயம், தெலுங்கில் பந்தெம், கன்னடத்தில் பந்த்ய. மூன்றும் ஒரே குடும்பம். சங்கராந்திக்குக் கோதாவரிக் கரையில் நடக்கிற கோழிப் பந்தெத்தில் பணம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழ் இரண்டு பக்கமும் கால் வைத்திருக்கிறது. பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயத்தில் பணம் இல்லை, ‘என்ன பந்தயம்?’ என்று கை நீட்டும்போது இருக்கிறது. கன்னடத்தில் பணம் உதிர்ந்து ஆட்டம் மட்டும் மிஞ்சிவிட்டது. பணம் என்ற சொல்லே சூதுக்களத்திலிருந்து எழுந்து வந்ததுதான். வடமொழியில் ‘பண’ என்பது முதலில் ஆட்டத்தில் வைக்கும் பொருள், பிறகுதான் நாணயம். பணயம் வைப்பதும் பணயக்கைதியும் அந்த வழியில் வந்தவை.

குதிரைப் பந்தயத்துக்குப் போகிற நம் ஆட்கள் ‘ஆடினேன்’ என்று சொல்வதில்லை. ‘கட்டினேன்’ என்பார்கள். வீடு கட்டுவது, தாலி கட்டுவது, பள்ளிக்கூடத்தில் பீஸ் கட்டுவது எல்லாம் அதே வினை. கன்னடத்திலும் ‘பாஜி கட்டு’தான். விளையாட்டுக்கு உரிய வினையை விட்டுவிட்டுக் குடும்பத்துக்கு உரிய வினையை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சூது, தெலுங்கின் ஜூதம், கன்னடத்தின் ஜூஜு, இந்தியின் ஜுவா எல்லாவற்றையும் வடமொழி ‘த்யூத’த்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அகராதி வழக்கம். சூதுக்குத் தமிழ் வேர் காட்டுவோரும் உண்டு. அந்த வழக்கில் நான் சாட்சி சொல்லப் போவதில்லை. எனக்குச் சுவையாகப் படுவது சொல் வந்த பிறகு நடந்தது. தமிழில் அது ஆட்டத்தோடு நிற்காமல் வஞ்சனையின் பெயராகவும் ஆகிவிட்டது. ‘சூதுவாது தெரியாத பிள்ளை’ என்றால் சீட்டாடத் தெரியாத பிள்ளை என்று யாரும் பொருள் கொள்வதில்லை.

வடமொழி நூல்கள் இன்னொரு கோடு கிழித்தன. உயிரில்லாத பொருளை வைத்து ஆடினால் த்யூதம், உயிருள்ள விலங்குகளை மோதவிட்டோ ஓடவிட்டோ பொருள் வைத்தால் ‘சமாஹ்வயம்’. மனு இரண்டையும் பிரித்துப் பெயர் சொல்லி இரண்டையும் தடுக்கச் சொன்னார். கௌடில்யர் தடுக்கவில்லை, அதிகாரியைப் போட்டார். ஆட்டத்தை ஒரே இடத்தில் நடத்து, காயை நீயே வாடகைக்குக் கொடு, வென்றவனிடம் நூற்றுக்கு ஐந்து வாங்கு, வேறு இடத்தில் ஆடினால் தண்டம் போடு என்கிறது அர்த்தசாஸ்திரம். அந்த நூலின் ஓலைச்சுவடியை மைசூர் கீழ்த்திசை நூலகத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தவர் தஞ்சாவூர்ச் சீமைப் பண்டிதர் ஒருவர். 1905இல் அதை இன்னதென்று கண்டுகொண்டவர் அந்த நூலகத்தின் ஆர். சாமசாஸ்திரி. அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பு 1915இல் பெங்களூர் அரசு அச்சகத்தில் அச்சானது. மைசூர் அரசு பந்தய வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தது 1932இல். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று நான் சொல்லவில்லை, ஆனால் அந்த நூற்றுக்கு ஐந்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அந்த ஐந்து இப்போது நாற்பது. 2025 செப்டம்பர் 22 முதல் குதிரைப் பந்தயத்துக்கும் லாட்டரிக்கும் கேசினோவுக்கும் ஜிஎஸ்டி 40 சதவீதம்.

ஹை கிரவுண்ட்ஸில் இருக்கிற பெங்களூர் டர்ஃப் கிளப்பின் ஓடுதளத்தைச் சுற்றிப் போகும் சாலைக்கு ரேஸ் கோர்ஸ் ரோடு என்று பெயர் இருந்தது. 2023இல் நடிகர் அம்பரீஷின் பெயரை வைத்தார்கள். ஆட்டோக்காரர்கள் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். உள்ளே நடப்பதைக் கன்னடம் ‘குதுரெ ஜூஜு’ என்றும் சொல்லும், குதிரைச் சூது என்று பச்சையாக. சட்டம் அப்படிச் சொல்லாது. தமிழ்நாடு 1974இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்ற, வழக்கு இருபது ஆண்டுக்கும் மேல் இழுத்து, 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது: குதிரையின் வம்சம், பயிற்சி, ஓட்டுபவர், எடை எல்லாவற்றையும் கணித்துக் கட்டுவதில் மிகுதி திறன்தான், ஆகவே இது சூதாட்டம் ஆகாது.

இந்தத் திறன் என்ற கோட்டின் வரலாற்றிலும் பெங்களூருக்கு ஓர் இடம் உண்டு. ஐம்பதுகளில் இங்கிருந்து ‘ஸ்போர்ட்டிங் ஸ்டார்’ என்று ஒரு வார இதழ் வந்தது. அதில் பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டி. பம்பாய் மாநிலத்தில் ஏராளமானோர் பணம் கட்டி ஆட, அந்த அரசு வரி கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. சூது ஒரு வணிகமே அல்ல, வணிக உரிமை என்று அதற்குக் கேட்க முடியாது என்று 1957 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. அன்றே வந்த துணைத் தீர்ப்பு, கணிசமான திறன் வேண்டியிருக்கும் போட்டி சூது அல்ல என்று ஒரு சன்னலைத் திறந்து வைத்தது. பின்னால் ரம்மி நுழைந்தது அந்தச் சன்னல் வழியாகத்தான்.

இங்கேதான் எனக்குப் பிடித்த சொல் வருகிறது. வல்.

வல் என்றால் வலிமை, திறமை. வல்லவன், வல்லுநர், வல்லமை எல்லாம் அதன் வழி. பழந்தமிழில் சூதாடு கருவிக்கும் பெயர் வல். இரண்டும் ஒரே வேரா, உருவம் மட்டும் ஒன்றா என்பது வேறு கேள்வி. காதுக்கு ஒரே சொல். தொல்காப்பியர் எழுத்திலக்கணம் சொல்லும் இடத்தில் இந்த வல்லுக்குத் தனியாக விதி வகுத்திருக்கிறார். அதன் பக்கத்தில் நாயும் பலகையும் வந்தால் எப்படிப் புணரும் என்று. நாய் என்பது குரைக்கிற நாய் அல்ல, உருட்டும் காய். விதி எழுத வேண்டிய அளவுக்கு ஊரில் புழங்கியிருக்கிறது. புறநானூற்றின் 52ஆம் பாட்டில் போரில் பாழான ஓர் ஊர்ப்பொது மன்றம் வருகிறது. நரைத்த முதியவர்கள் நாயை உருட்டி உருட்டித் தேய்ந்துபோன பலகைக் குழிகளில், ஆள் இல்லாத இப்போது, காட்டுக்கோழி முட்டையிட்டிருக்கிறது. சங்கப் பாட்டில் சூதாட்டம் ஊர் உயிரோடு இருந்ததற்கு அடையாளமாக வரும் இடம் அது. முதியவர்கள் கெட்டுப்போனார்கள் என்று புலவர் புலம்பவில்லை, ஆட ஆள் இல்லையே என்றுதான் வருந்துகிறார்.

திருவள்ளுவருக்கு அந்த இளக்கம் இல்லை. சூதுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அதில் ஒரு குறளில் மூன்று பெயர்களை வரிசையாக அடுக்குகிறார்: கவறு, கழகம், கை. கவறு, உருட்டும் காய். கழகம், ஆடும் இடம். இன்று அரசியல் கட்சிக்கும் பல்கலைக்கும் போக்குவரத்துக்கும் பின்னால் ஒட்டிக்கொண்டு மரியாதையாக நிற்கும் அந்தச் சொல் குறளில் சூதாடு மனைதான். கூடுமிடம் என்ற பொருளை வைத்துக்கொண்டு அது வீடு மாறியது, கம்பரில் அதுவே கலை பயிலும் இடம். மூன்றாவது, கை. பரிமேலழகர் உரையில் அது ஆட்டத்துக்கு வேண்டிய கைத்தொழில். அதாவது திறன். உச்ச நீதிமன்றம் எந்த ஒன்று இருந்தால் சூது அல்ல என்று சொல்கிறதோ, அதையே வள்ளுவர் ஆளை ஒன்றுமில்லாமல் ஆக்கும் மூன்றில் ஒன்றாக எண்ணியிருக்கிறார். எனக்கு வள்ளுவர் பக்கம் சாய்வு அதிகம். கை வராதவன் இரண்டு முறை தோற்று எழுந்துவிடுவான். எழாமல் உட்கார்ந்திருப்பவன் ‘எனக்கு வரும்’ என்று நம்புகிறவன்தான்.

2021 அக்டோபரில் கர்நாடகம் காவல் சட்டத்தைத் திருத்திப் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுத்தது. திறன் ஆட்டமானாலும் விலக்கு இல்லை. குதிரைக்கு மட்டும் விலக்கு அப்படியே இருந்தது. பெங்களூரிலேயே தலைமையகம் வைத்த ரம்மி, ஃபேண்டசி நிறுவனங்களுக்கு அது வாசலில் வந்து நின்ற தடை. 2022 பிப்ரவரி 14 அன்று உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பணம் வைத்தாலும் திறன் ஆட்டம் திறன் ஆட்டமே. தமிழ்நாட்டில் சென்னை உயர் நீதிமன்றம் முந்தைய ஆகஸ்டில் ஏறக்குறைய இதையே சொல்லியிருந்தது. பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இரண்டே நாளில் ஒரு சட்டத்தை நிறைவேற்றி இந்த வல் விவாதத்தையே தூக்கி ஓரமாக வைத்துவிட்டது. பணம் வைக்கும் இணைய ஆட்டம் திறனோ அதிர்ஷ்டமோ கலப்போ, நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. முதல் எதிர்ப்பு மனுக்களில் ஒன்று கர்நாடக உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. பல மாநில மனுக்களைச் சேர்த்து உச்ச நீதிமன்றம் தன்னிடம் எடுத்துக்கொண்டது.

அதற்கு முந்தைய ஆண்டுகளில் இந்த ஆட்டங்களின் விளம்பரங்களில் ஒரு வாக்கியம் நம் வீட்டுத் தொலைக்காட்சியில் மூச்சுவிடாமல் ஓடியது. நிதி இழப்பு ஏற்படலாம், அடிமையாகலாம், பொறுப்புடன் உங்கள் சொந்தப் பொறுப்பில் விளையாடவும். இந்திய விளம்பரத் தர மன்றம் வகுத்து 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த விதி அது. ஒரே மூச்சில் இரண்டு பொறுப்பு. முதலாவது நிதானம், இரண்டாவது ‘எங்களைக் கேட்காதே’. பொறுத்தல் என்றால் சுமத்தல். பொறை என்றால் சுமை. தமிழ்ப் பொறுப்பு தனி ஆள் தோளில் ஏறுகிற சொல்.

கன்னடத்தில் இதற்கு ஜவாப்தாரி என்ற பாரசீக வழிச் சொல் உண்டு. கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கடமை. பழைய சொல் ‘ஹொணெ’. பால் ஹாலு ஆனது போல, புலி ஹுலி ஆனது போல, நம் ‘புணை’யின் உறவு அது. புணை என்றால் தெப்பம், பிணையும்தான். ஆக ஹொணெயில் எப்போதும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் மூழ்கினால் இன்னொருவர் பிடி. நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2014இல் தொழில்நுட்ப அடிமைத்தனத்துக்காக ‘ஷட்’ என்ற சிகிச்சையகத்தைத் தொடங்கியது. கைபேசியிலிருந்து கையை எடுக்க முடியாதவர்கள் போக ஓர் இடம். சொந்தப் பொறுப்பில் ஆடியதன் பாரத்தை அங்கே இன்னொருவரும் சேர்ந்து பிடிக்கிறார்.

பந்த்ய சொல்லித்தந்த அந்தப் பையன் இப்போது வேலைக்குப் போகிறான். ஒரு மாலை வாசலில் நின்றுகொண்டு போனை வெறித்துக்கொண்டிருந்தான். கூட வேலை செய்யும் நண்பன் ரம்மியில் விட்டதைப் பிடிக்கக் கைபேசிச் செயலியில் கடன் வாங்கியிருக்கிறான். கடன் கொடுத்தவர்கள் அவன் போனில் இருந்த எண்களையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு வரிசையாகக் கூப்பிடுகிறார்கள்.

‘நான் ஹொணெ நிக்கவே இல்ல அங்கிள்,’ என்றான். ‘ஒரு கையெழுத்துக்கூடப் போடல. என் நம்பருக்குத்தான் கூப்பிடறாங்க.’

போன் மறுபடி அடித்தது.