கெல்டிரியா: பழவேற்காட்டின் மறந்த கோட்டை

யாழ்ப்பாணத்து ஒல்லாந்தர் கோட்டையைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதனால், சென்னைக்குப் போயிருந்த ஒரு சமயம் பழவேற்காட்டையும் பார்த்துவிட ஆசைப்பட்டேன். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீற்றர். பொன்னேரி வழியாகப் போகவேண்டும். ஏரிக்கரையில் இறங்கிக் கோட்டை எங்கே என்று விசாரித்தால் கல்லறைக்குத்தான் வழி காட்டினார்கள். கோட்டை அதன் அருகே முட்புதராகக் கிடந்தது. மண்மேடு, செங்கல் துண்டுகள், அகழி இருந்த பள்ளம். அவ்வளவுதான்.

இந்தப் புதர்தான் ஒரு காலத்தில் சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் தலைமையிடம். விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரின் அனுமதியுடன் 1610 இல் இங்கே பண்டகசாலை அமைத்தார்கள். சாந்தோமிலிருந்த போர்த்துக்கேயருக்கு இது பொறுக்கவில்லை. 1612 இல் வந்து அழித்துவிட்டுப் போனார்கள். மறு ஆண்டே கோட்டை எழுந்தது. அப்போதைய ஒல்லாந்தத் தலைவர் வெம்மர் வான் பெர்கெமின் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. ஆங்கிலேயர் சென்னைப்பட்டினத்தில் கால்வைத்தது இதற்கு 26 ஆண்டுகள் கழித்துத்தான் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

இவ்வளவு அக்கறை எதற்கு? துணிக்குத்தான். கிராம்பும் சாதிக்காயும் விளைந்த கிழக்குத் தீவுகளில் இக்கரையின் துணியைக் கொடுத்தே சரக்கு வாங்கினார்கள். இங்கே செய்த வெடிமருந்தும் கப்பலேறியது. பழவேற்காட்டுக் கைக்குட்டை ஐரோப்பாவில் ஊர்ப்பெயராலேயே அறியப்பட்டது. இவற்றையெல்லாம் ஊரின் பெருமையாக எழுதுகிறவர்கள் இன்னொரு சரக்கை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அது மனிதர்கள்.

பஞ்சமோ படையெடுப்போ வந்த ஆண்டுகளில் அடிமை ஏற்றுமதி பெருகியது. இதை ஆராய்ந்த மார்க்கஸ் விங்க் தரும் கணக்கின்படி, பிஜப்பூர்ப் படைகள் தஞ்சைச் சீமையைச் சூறையாடிய 1659-61 காலத்தில் நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய இடங்களில் கம்பனி வாங்கியவர்கள் 8,000 முதல் 10,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் அனுப்பப்பட்டது இலங்கைக்கு. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தது 1658 இல் என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். இந்த எண்ணைப் படித்த பிறகு எங்கள் ஊர்க் கோட்டையை நான் பழைய கண்ணோடு பார்த்ததில்லை. அந்தக் கப்பல்களில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று நாங்கள் கேட்டதும் இல்லை.

மற்றவை சுருக்கமாக: தலைமையிடம் 1690 இல் நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1781 இல் நாகப்பட்டினம் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. கெல்டிரியாவை 1806 இல் ஆங்கிலேயர் இடித்தார்கள். 1825 இல் ஊரும் முற்றாக அவர்களுடையதாயிற்று.

கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். உள்ளே வணிகர்களும் அவர்களுடைய மனைவியரும் குழந்தைகளும், ஒல்லாந்த எழுத்தில் பெயரும் ஆண்டும் பொறித்த கற்களின் கீழ் கிடக்கிறார்கள். எழுத்து இன்னும் தெளிவாகவே இருக்கிறது. சில கற்களை நானே விரலால் தடவிக் கூட்டிப் படித்தேன். விற்கப்பட்டவர்களைத் தேடுவதானால் ஹேக் நகர ஆவணக் காப்பகத்தில் இருக்கும் கம்பனியின் ஏடுகளுக்குத்தான் போகவேண்டும்.

திரும்பும்போது புதருக்குள் நுழைய முயன்றேன். கருவேல முள் விடவில்லை. அகழிப் பள்ளத்தருகே ஆடு மேய்த்த அம்மா ஒருவர், "உள்ளே ஒண்ணுமில்லைப்பா, பாம்புதான் கிடக்கும்" என்றார்.